சர்வருக்குள் பொய் இரட்டைகள்

1980-இல் ரஜினிகாந்த் நடித்து ‘பொல்லாதவன்’ வெளிவந்தது. 2007-இல் தனுஷை வைத்து வெற்றிமாறன் தன் முதல் படமாக இன்னொரு ‘பொல்லாதவன்’ எடுத்தார். இரண்டு கதைக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த இரண்டையும் வீட்டு மீடியா சர்வரில் போட்டு வைத்திருப்பவர், கோப்புகளுக்குப் பெயரை மட்டும் கொடுத்து ஆண்டைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? சர்வர் இணையத்தில் உள்ள திரைப்படத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடும். அங்கே முன்னால் நிற்கும் படத்தின் விவரத்தையே இரண்டு கோப்புகளுக்கும் ஒட்டிவிட வாய்ப்பு அதிகம். பிறகு திரையில் தனுஷ் போஸ்டர் ஒன்றுதான் இருக்கும். அதற்குள் இரண்டு பிரதிகள் இருப்பதாகக் காட்டும். ஒன்று எட்டு ஜிபி, பளிச்சென்று இருக்கிறது. மற்றது 700 மெகாபைட், மங்கல். ஹார்டு டிஸ்க்கோ நிரம்பிக்கொண்டு வருகிறது. மங்கல் பிரதிதானே என்று அழித்தால், போவது ரஜினி படம்.

ஒரே படம் இரண்டாகத் தெரிவது ஒரு சிக்கல். இரண்டு படங்கள் ஒன்றாகத் தெரிவது இன்னொரு சிக்கல். முதலாவது கண்ணை உறுத்தும், உடனே சரிசெய்யத் தோன்றும். இரண்டாவது கண்ணிலேயே படாது. திரும்பக் கிடைக்காதபடி எதையாவது இழப்பது பெரும்பாலும் இதில்தான்.

பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். நாம் காட்டிய ஃபோல்டருக்குள் புகுந்து கோப்புகளைத் தேடும். படத்தை அது ஓட்டிப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. ஃபோல்டரின் பெயர், கோப்பின் பெயர், கூடவே அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருந்தால் அது, இவ்வளவையும் வைத்து டிஎம்டிபி போன்ற தரவுத்தளத்தில் தேடி ஓர் எண்ணை வாங்கி வரும். போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் வருபவை. ஆக, சர்வருக்கு ஒரு படம் என்பது இரண்டு அடையாளங்கள்: கோப்பு இருக்கும் பாதை, தரவுத்தளம் கொடுத்த எண். பொய் இரட்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஏதோ ஒன்று தடம் மாறுவதால் பிறக்கின்றன.

பாதை தடம் மாற ஒரு மின்வெட்டு போதும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினியில் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகி அதையே சர்வராக ஓட்டுகிறவர்கள் பலர். டிஸ்க்கைச் செருகியதும் லினக்ஸ் அதன் பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி அதன் வழியாகத் திறக்கும். பெயர் ‘படங்கள்’ என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் சட்டென்று போனால் சில சமயம் அந்த ஃபோல்டர் நீக்கப்படாமல் காலியாகக் கிடந்துவிடும். கரண்ட் வந்ததும், அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து லினக்ஸ் டிஸ்க்கை ‘படங்கள்1’ என்று திறக்கும். பழைய பாதையில் இப்போது ஒன்றுமில்லை. நாம் புதிய பாதையையும் சர்வரில் சேர்த்துவிட்டால், பழைய பதிவுகளை நீக்காத வரை ஒவ்வொரு படமும் இரண்டாகத் தெரியும். பாதிப் பதிவுகளைத் தொட்டால் ஓடாது. டிஸ்க்கின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, அதை எப்போதும் ஒரே இடத்தில் திறக்கும்படி லினக்ஸின் எஃப்எஸ்டாப் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இரண்டு பதிவும் ஓடுகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். ஒரே ஃபோல்டருக்கு இரண்டு வழிகள் இருக்கலாம். நேரடிப் பாதை ஒன்று, நெட்வொர்க் வழியாகச் சுற்றிவரும் பாதை ஒன்று. அல்லது வசதிக்காக எப்போதோ போட்டுவைத்த குறுக்கிணைப்பு. சர்வர் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்து இரண்டு கோப்புகள் என்று எழுதிக்கொள்ளும். டிஸ்க்கில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ‘கூடுதல்’ பிரதியை அழித்தால் அந்த ஒன்றும் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க லினக்ஸில் நல்ல வழி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஓர் எண் உண்டு. கோப்பின் பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் சீட்டு மட்டுமே. ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். ‘எல்எஸ்’ கட்டளையோடு எல், ஐ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஐநோடு எண்ணும், அதற்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்ற கணக்கும் தெரியும். இரண்டு பாதைகளிலும் ஐநோடு ஒன்றாக இருந்து, பெயர்க் கணக்கு 1 என்று காட்டினால், நாம் பார்ப்பது ஒரே சீட்டை இரண்டு வாசல் வழியாக. அழிக்கவே கூடாது. கணக்கு 2 என்றால் இரண்டு சீட்டுகள். ஒன்றை அழித்தாலும் படம் இருக்கும். ஆனால் டிஸ்க்கில் ஒரு பைட்கூட மிச்சமாகாது. நெட்வொர்க் பாதையில் இந்த எண்களை நம்ப முடியாது என்பதால் டிஸ்க் மாட்டியிருக்கும் கணினியிலேயே பார்க்க வேண்டும். கட்டளைகள் பழக்கமில்லாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம்: அழிப்பதற்குப் பதிலாக ஒரு பாதையில் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். மற்ற பாதையிலும் பெயர் மாறிவிட்டால் இருப்பது ஒரே கோப்பு.

இன்னொரு வகைப் பொய் இரட்டையும் உண்டு. மேக் கணினியிலிருந்து பென் டிரைவ் வழியாக வந்த கோப்புகளோடு, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்டு அதே பெயரில் 4 கிலோபைட் அளவுள்ள குட்டிக் கோப்புகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் படம் கிடையாது. மேக் தன் சொந்தக் குறிப்புகளை அதில் வைத்துக்கொள்கிறது. தாராளமாக நீக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ‘பொல்லாதவன்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் முதல் எழுத்தான ‘பொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘ப’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அதன் எண் 3018. அல்லது ஒற்றைக் கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. முதல் முறையில் ‘பொல்லாதவன்’ பத்துக் குறியீடுகள், இரண்டாவதில் பதினொன்று. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒன்று 30 பைட், மற்றது 33 பைட். ஓகாரமும் ஔகாரமும் ஏறிய எழுத்துகளுக்கும் இதே கதைதான்.

இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் எல்லாக் கணினிகளும் கோப்புப் பெயரை அப்படிப் பார்ப்பதில்லை. லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 அமைப்புக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாதாரணமாக அது 30 பைட் பெயரையும் 33 பைட் பெயரையும் இரண்டு கோப்புகளாகவே வைத்துக்கொள்ளும். மேக் கணினிகளில் 2017 வரை வழக்கமாக இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்போ, நாம் எப்படி எழுதினாலும் குறியீட்டைப் பிரித்து, கொம்பு தனி, கால் தனி என்று சேமித்துவிடும். பழைய மேக்கிலிருந்து ஒரு முறையும் விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு முறையும் அதே படத்தை லினக்ஸ் சர்வருக்கு நகலெடுத்தால், இரண்டாவது முறை ‘இந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’ என்ற எச்சரிக்கை வராது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ‘பொல்லாதவன்’ உட்கார்ந்திருக்கும். எழுத்துப்பிழையைத் தேடிக் கண் பூத்துப்போனாலும் கிடைக்காது.

இதற்கென்றே ‘கன்வ்எம்வி’ என்றொரு லினக்ஸ் கருவி இருக்கிறது. பிரிந்த குறியீடுகளை அது சேர்த்தெழுதித் தரும். எடுத்த எடுப்பில் எதையும் மாற்றாமல், மாற்றப்போவதைப் பட்டியலாகக் காட்டிவிட்டு நிற்கும். நாம் தனியாக அனுமதி கொடுத்தால்தான் மாற்றும். இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ‘ஸ்ரீ’ இதற்கும் பிடிபடாது. அதை 3000 என்ற எண்ணுள்ள ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த, 2998 என்ற எண்ணுள்ள ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். யூனிகோடு இவற்றைச் சமம் என்று ஏற்பதில்லை. ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டுவதும் அப்படியே. தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்கள் இவற்றைக் கையால் தேடித் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர்த்திசைச் சிக்கல், அதாவது வேறு வேறு பொருள்கள் ஒன்றாகத் தெரிவது, நம் வீடுகளில் விசிடி காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு விசிடியில் 74 அல்லது 80 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டுகளில் வரும். தட்டுக்குள் படம் இருக்கும் கோப்பின் பெயர் பொதுவாக ‘ஏவிஎஸ்இக்யூ01’. எல்லாத் தட்டிலும், எல்லாப் படத்திலும் அதே பெயர்தான். கணினிக்கு மாற்றும்போது பெயரைப் பார்த்து இரட்டை என்று முடிவு கட்டினால் பாதிப் படம் போயிற்று. கேமராக்களும் இப்படித்தான். எண்கள் 9999 வரை போய் மறுபடி 0001-இல் தொடங்கும். முதல் குழந்தையின் பிறந்தநாளும் இரண்டாவது குழந்தையின் பிறந்தநாளும் ஒரே கோப்புப் பெயரில் இருக்க முடியும். திரைப்படம் போனால் எங்காவது தேடி எடுத்துவிடலாம். அந்தப் பிறந்தநாளை எங்கே போய்த் தேடுவது?

இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்ற கேள்வி கணினிப் பொழுதுபோக்குக்கு வெகு முந்தியது. கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வு மையத்தில் மரபியல் ஆய்வாளராக இருந்த ஹோவர்ட் நியூகோம்பும் அவருடைய சகாக்களும், பிறப்புப் பதிவுகளைத் திருமணப் பதிவுகளோடு கணினி மூலம் இணைப்பது பற்றி 1959-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அரிய குடும்பப் பெயர் ஒத்துப்போனால் அது வலுவான சாட்சி, எல்லோருக்கும் இருக்கும் பெயர் ஒத்துப்போனால் பலவீனமான சாட்சி என்பது அவர்கள் கணக்கின் உயிர்நாடி. 1969-இல் இவான் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் இதை முழுக் கணிதக் கோட்பாடாக வளர்த்தார்கள். அந்தக் கோட்பாட்டில் முடிவுகள் மூன்று: ஒன்றே; வேறு; சொல்ல முடியாது, மனிதர் எடுத்துப் பார்க்கட்டும்.

மீடியா சர்வர்கள் அந்த மூன்றாவது முடிவை நம் முன்னால் வைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அரைகுறைப் பொருத்தத்துக்கும் முழு நம்பிக்கையோடு போஸ்டரை ஒட்டிவிடுகின்றன. ஆகவே மூன்றாவது தட்டை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ‘சந்தேகம்’ என்று ஒரு ஃபோல்டரை சர்வரின் பார்வைக்கு வெளியே உண்டாக்கி, இரட்டை என்று தோன்றுவதை முதலில் அங்கே நகர்த்தலாம்.

அங்கே வைத்து சாட்சிகளை எடை போடலாம். எஸ்எச்ஏ-256 போன்ற கணக்கீட்டில் இரண்டு கோப்புகளுக்கும் ஒரே விடை வந்தால் அவை பைட்டுக்குப் பைட் ஒன்றே. அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. விடை வேறானால் படமும் வேறு என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்க மாறிவிடும். அடுத்த நல்ல சாட்சி ஓடும் நேரம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. விநாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை, பால் முறைத் தொலைக்காட்சிக்கான டிவிடியில் பெரும்பாலும் 25 சட்டமாக ஓட்டியிருப்பார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்; சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆறு நிமிடக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நீளங்களின் விகிதம் 25-க்கு 24 என்று வந்தால் படம் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மொழி இன்னொரு சாட்சி. 2010-இல் மணிரத்னம் தமிழில் ‘ராவணன்’, இந்தியில் ‘ராவண்’ என்று ஒரே நேரத்தில் எடுத்தார். இரண்டிலும் விக்ரம் இருக்கிறார், ஐஸ்வர்யா ராய் இருக்கிறார். தமிழில் பிருத்விராஜ் செய்த பாத்திரத்தை இந்தியில் விக்ரம் செய்தார். போஸ்டரைப் பார்த்தால் குழப்பம், ஐந்து நிமிடம் ஓட்டினால் தெளிவு. நடிகர் பெயரை மட்டும் நம்பவும் முடியாது: 1986-இலும் 2022-இலும் வந்த இரண்டு ‘விக்ரம்’ படங்களுக்கும் நாயகன் கமல்ஹாசன்தான்.

சந்தேகம் தீர்ந்ததும் பெயரைச் சீராக வைப்பதுதான் நிரந்தர மருந்து. பெயர், ஒரு இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு. இது போதாத இடத்தில் தரவுத்தள எண்ணையே ஃபோல்டர் பெயரில் எழுதிவிடலாம். பிளெக்ஸ் அதை நெளிவு அடைப்புக்குறிக்குள் எதிர்பார்க்கிறது, ஜெல்லிஃபின் சதுர அடைப்புக்குறிக்குள். உண்மையிலேயே ஒரு படத்துக்கு இரண்டு தரப் பிரதிகள் வைத்திருந்தால், ஜெல்லிஃபினில் இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு கோப்பும் அந்த ஃபோல்டரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துத் தொடங்கி, பிறகு ஒரு கோடு போட்டுத் தரத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டை ஒன்றில் மறந்தாலும் இரண்டு பதிவாகிவிடும். குடும்ப வீடியோக்களைத் திரைப்பட லைப்ரரிக்குள் போடவே வேண்டாம். அவற்றுக்கென்று இரண்டு மென்பொருள்களிலும் தனி வகை இருக்கிறது.

பழைய தமிழ்ப் படங்களில், நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் தரவுத்தளத்தின் பக்கம் விவரம் குறைவாக இருக்கலாம். ‘உத்தம புத்திரன்’ 1940-இல் பி.யு. சின்னப்பா நடித்து வந்தது, 1958-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்தது, 2010-இல் தனுஷ் நடித்து அதே பெயரில் வேறு கதையாக வந்தது. இப்படிப்பட்ட பெயர்களில் ஆண்டோ தமிழ்த் தலைப்போ ஓடும் நேரமோ விடுபட்டிருந்தால் சர்வர் எதை வைத்துப் பிரிக்கும்? டிஎம்டிபியில் கணக்கு தொடங்கிய யாரும் விவரங்களைச் சேர்க்கலாம், திருத்தலாம். கையில் டிவிடி இருப்பவர் அதன் உறையைப் பார்த்து விடுபட்ட ஆண்டையும் நேரத்தையும் அங்கே ஏற்றிவிட்டு, தன் சர்வரில் ‘விவரங்களைப் புதுப்பி’ என்பதைச் சொடுக்கினால் போதும். அடுத்து அதே படத்தைத் தேடும் சர்வர் மதுரையில் இருந்தாலும் மலேசியாவில் இருந்தாலும், திருத்திய விவரமே அதற்கும் கிடைக்கும்.