சித்தன்னவாசல் தாமரைக்கு நிறம் கொடுப்பது எது?

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 16 கிலோ மீட்டர் தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து அமைத்த சமணக் கோவில் ஒன்று உண்டு. அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு தாமரைக் குளம்! பூக்கள், பச்சை இலைகள், மீன்கள், அன்னங்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். எல்லாம் ஓவியம். கி.பி. 9-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் தீட்டியவை.

வெயிலில் இருந்து உள்ளே போனவுடன் நிறங்கள் சரியாகத் தெரியாது. சிறிது நேரம் நின்றால் பச்சையும் சிவப்பும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். இது ஏன்?

நிறம் தெரிய மூன்று வேண்டும். ஒளி, பொருள், கண். இதில் ஒன்று குறைந்தாலும் நிறம் தெரியாது.

ஒளியும் காவிக்கல்லும்

சூரிய ஒளி வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் வானவில்லின் எல்லா நிறங்களும் அதற்குள் அடக்கம். முக்கோணக் கண்ணாடிக் கட்டையில் ஒளியைச் செலுத்தி, இதைக் காட்டியவர் நியூட்டன். அந்தச் சோதனையை 1672-ம் ஆண்டில் வெளியிட்டார்.

சித்தன்னவாசல் ஓவியர்கள் சிவப்புக்குக் காவிக்கல்லை அரைத்துப் பூசினார்கள். காவியில் இரும்புத் துரு கலந்திருக்கிறது. அது ஒளியில் உள்ள நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்தச் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது.

கண்ணுக்குள் என்ன?

கண்ணின் உள்சுவரில் ஒளியை உணரும் நுண்ணிய செல்கள் உள்ளன. அவற்றில் இரண்டு வகை. குச்சி போன்றவை சுமார் 12 கோடி. கூம்பு போன்றவை சுமார் 60 லட்சம்.

குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும். ஆனால் நிறம் அறியாது. நிறம் அறிபவை கூம்பு செல்களே. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதனால்தான் இருட்டில் சிவப்புப் புடவை கறுப்பாகத் தெரிகிறது. வெயிலில் நின்ற கண் குகைக்குப் பழகவும் சில நிமிடங்கள் ஆகிறது.

கூம்பு செல்களில் மூன்று ரகம் உண்டு. மூன்றும் அனுப்பும் செய்தியைச் சேர்த்துப் பார்த்து, ‘இது பச்சை, இது சிவப்பு’ என்று மூளை முடிவு செய்கிறது.

குழந்தையைத் திட்டாதீர்கள்!

சிலருக்குப் பிறவியிலேயே இந்த மூன்றில் ஒன்று இருக்காது அல்லது மாறியிருக்கும். அவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத் தெரியும். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. தாய்க்கு நிறம் நன்றாகவே தெரியலாம்.

உங்கள் பையன் இலைக்குப் பழுப்பு வர்ணம் பூசுகிறானா? பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் பிரிக்கத் தடுமாறுகிறானா? அடிக்காதீர்கள். கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வண்ணப் புள்ளிகளால் ஆன எண்களைக் காட்டி, சில நிமிடங்களில் கண்டுபிடித்து விடுவார்.

பிறவியில் வந்த இந்தக் குறைக்கு இன்று வழக்கமான மருந்து இல்லை. ஆனால் இதனால் பார்வை போய்விடாது. படிப்பும் கெடாது. ரெயில் என்ஜின் டிரைவர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வை அவசியம். முன்பே தெரிந்துகொண்டால், பையன் தனக்கு ஏற்ற வேலையை நினைத்துப் படிக்கலாம். கடைசி நேரத்தில் ஏமாற வேண்டியதில்லை.