ஓடும் விளக்குகளும் ஒரு சிறு சில்லும்

கோயில் திருவிழாவில் பெரிய மின்விளக்குப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மயில் தோகை விரிக்கும். தாமரை மலர்ந்து குவியும். உண்மையில் அங்கே எந்த விளக்கும் இடம் பெயர்வதில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது. ஓட்டத்தை நம் கண்ணும் மூளையும் சேர்த்துக்கொள்கின்றன.

சிறுவயதில் அப்படியொரு பலகையின் பின்புறம் சென்று எட்டிப் பார்த்தேன். மோட்டார் ஒன்று மர உருளையை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தது. உருளைமேல் செப்புத் தகடுகள் அறையப்பட்டிருந்தன. தகடு கம்பியைத் தொட்டால் ஒரு வரிசை எரியும், விலகினால் அணையும். கோலத்தை மாற்ற வேண்டுமானால் ஆணிகளைப் பிடுங்கித் தகடுகளை வேறிடத்தில் அறையவேண்டும்!

அந்த உருளையின் வேலையை இன்று ஓர் ஆணைத்தொடர் செய்துவிடுகிறது. அதற்கு ஏற்ற எளிய கருவி 'ஆர்டுயினோ' பலகை. இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களுக்காக 2005-ஆம் ஆண்டு இது உருவாயிற்று. இதை உருவாக்கியவர்கள் கூடிப் பேசிய மதுக்கடையின் பெயரே இதற்கு வாய்த்தது. அக்கடைக்கோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியை ஆண்ட மன்னன் ஒருவனின் பெயர். 2010-இல் வந்த 'ஊனோ' என்னும் வகை தொடக்கநிலையாளர்க்கு ஏற்றது. இதிலுள்ள சில்லு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் இயங்குகிறது. 14 இலக்க முனைகள் உள்ளன. ஆணையிட்டால் ஒரு முனையில் 5 வோல்ட் தோன்றும், அல்லது சுழியாகும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2 முதல் 9 வரையுள்ள முனைகளில் எட்டுச் சிவப்பு எல்.இ.டி.களை இணைப்போம். நீண்ட கால் பலகையின் முனைப்பக்கம். குட்டைக் கால் தரை இணைப்பின் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தொடரில் 220 ஓம் மின்தடை தேவை. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காதிருப்பது நல்லது. மின்தடையே இல்லாவிட்டால் எல்.இ.டி.யோ சில்லின் முனையோ கெட்டுப்போகும்.

'எட்டுக்கும் பொதுவாக ஒரே மின்தடை போதாதா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு நேரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரியும்வரை போதும். எட்டும் சேர்ந்து எரியும்போது அதே 14 மில்லி ஆம்பியரை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்வர், எல்லாம் மங்கிவிடும்.

இனி ஆணைத்தொடர். 2-ஆம் முனையை ஏற்று, அரை வினாடி பொறு, அணை, அடுத்த முனைக்குச் செல். 9 முடிந்ததும் மீண்டும் 2. 'பொறு' என்பதற்கு 'டிலே' என்ற ஆணை உண்டு. பத்தே வரிகளில் விளக்கு ஓடத் தொடங்கிவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு மாணவர்கள் இதைத்தான் செய்தார்கள். அழுத்தினால் கோலம் மாறும்படி ஒரு பொத்தானும் வைத்தார்கள். பார்வையாளர்கள் வந்தனர், அழுத்தினர், ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை மாற்றினர், கம்பிகளை மாற்றினர், பலகையையே மாற்றினர். பயனில்லை. செய்த மாணவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாயிருந்தது. பார்வையாளர்களோ அழுத்துவதை விட்டுவிடவில்லை.

பிழை கம்பியில் இல்லை, 'டிலே'யில் இருந்தது. எட்டு விளக்கும் ஒரு சுற்று வர 4 வினாடி ஆகிறது. பொத்தானைச் சில்லு பார்ப்பதோ சுற்றின் தொடக்கத்தில் ஒருமுறை. நாம் பொத்தானை அழுத்தும் நேரம் சுமார் 0.2 வினாடி. அது சில்லின் கண்ணில் படும் வாய்ப்பு 20-இல் ஒன்று! மற்ற நேரமெல்லாம், அத்தனை வேகமுள்ள சில்லு வெறுமனே எண்ணிக்கொண்டு நிற்கிறது. ரசம் கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்து நிற்பவருக்கு வாசலில் கூப்பிடும் குரல் கேட்காததுபோல.

கைதேர்ந்தவர் என்ன செய்வார்? கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு வேறு வேலையையும் கவனிப்பார். ஆர்டுயினோவிலும் கடிகாரம் உண்டு. 'மில்லிஸ்' என்று கேட்டால், இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி வினாடிகளைச் சொல்லும். கடைசியாக விளக்கு மாறிய நேரத்தைக் குறித்துவைப்போம். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் 500 அல்லது அதற்கு மேல் வருகிறதா? வந்தால் அடுத்த விளக்கு. வராவிட்டால் பொத்தானைப் பார், திரும்பவும் கேள். இவ்வாறு வினாடிக்குப் பல்லாயிரம் முறை பொத்தான் சோதிக்கப்படுகிறது.

அன்று பிற்பகலில் இப்படி மாற்றி எழுதியதும் பொத்தான் பேசத் தொடங்கியது. சற்று அதிகமாகவே பேசியது. ஒருமுறை அழுத்தினால் கோலம் மூன்று நான்கு தாவியது. உலோகத் தொடுமுனைகள் சில மில்லி வினாடிகள் துள்ளுவதே காரணம். விடுபட்ட நிலையிலிருந்து அழுத்திய நிலைக்கு மாறும் கணத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அடுத்த 50 மில்லி வினாடிகளுக்கு வரும் மாற்றங்களைப் புறக்கணித்தோம். அதோடு சரியாயிற்று.

மில்லிஸ் கடிகாரம் 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே சுமார் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மீண்டும் சுழிக்குத் திரும்பும். அப்போது விளக்கு நின்றுவிடுமோ என அஞ்சவேண்டாம். நேரங்களைக் குறியில்லாத எண்களாக அறிவித்து, மேலே சொன்னபடி கழித்தே பார்த்தால் விடை பிழைக்காது. 11 மணிக்குப் புறப்பட்டு 2 மணிக்கு வந்து சேர்ந்தவர் 3 மணி நேரம் பயணம் செய்தார் என்று நாம் சொல்வதில்லையா? சில்லும் அப்படித்தான் கழித்துக்கொள்கிறது.