கத்தோலிக்கப் பள்ளிகளும் தேவ அழைத்தலும்

குருத்துவத்திற்கோ சன்னியாச வாழ்வுக்கோ இறைவன் ஒருவரைத் தெரிந்துகொள்வதைத் தேவ அழைத்தல் என்பது கிறிஸ்தவர் வழக்கு. அவ்வழைத்தலை மாணாக்கரிடையே வளர்த்தல் கத்தோலிக்கப் பள்ளிகளின் கடமைகளுள் ஒன்றென்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், வளர்த்தலென்பது யாது? தூண்டுதலா, வற்புறுத்துதலா, வழிகாட்டுதலா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இக்கடமையின் காரணத்தை நோக்குவோம். மதுரை மிஷனின் சரித்திரமே இதற்குத் தக்க சான்றாகும். 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இத்தாலியர். 1693ஆம் ஆண்டில் ஓரியூரில் வேதசாட்சியாய் உயிர்நீத்த அருளானந்தர் போர்த்துக்கல் நாட்டினர். சதுரகராதி தந்த வீரமாமுனிவரும் இத்தாலியரே. அவர் ஊழியம் புரிந்த காமநாயக்கன்பட்டி நமது விருதுநகர் மாவட்டத்தை அடுத்துள்ளது. இப்பெரியோர் நம் மொழியைத் தம் மொழியாகக் கொண்டு உழைத்தனர். எனினும், 1773ஆம் ஆண்டில் சேசு சபை கலைக்கப்பட்டபோது, கடல் கடந்து வருவோரையே பெரிதும் நம்பியிருந்த இம்மிஷன் போதிய மேய்ப்பரின்றித் தளர்ந்தது. 1814இல் சபை மீண்டும் நிறுவப்பெற்றும், அதன் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1830களின் இறுதியிலேயாம். பிற நாட்டு மழையை நம்பி ஏரி வெட்டலாகாதென்பதை இந்நிகழ்ச்சி நன்கு புலப்படுத்தியது.

இவ்வுண்மையை உணர்ந்தே, 13ஆம் சிங்கராயர் என்னும் பாப்பரசர் 1893ஆம் ஆண்டில், இந்தியாவின் குருக்கள் இந்திய மக்களிலிருந்தே தோன்றவேண்டுமென நிருபம் விடுத்தார். அதன் பயனாய்க் கண்டியில் எழுந்த குருமடம் 1955ஆம் ஆண்டில் பூனாவுக்கு மாற்றப்பெற்றது. 1919ஆம் ஆண்டில் 15ஆம் ஆசீர்வாதப்பரும் இதனையே உலகமெங்கும் வலியுறுத்தினார். நான்காண்டுகளுக்குப்பின், 1923இல், தமிழரான ரோச் ஆண்டகை தூத்துக்குடியின் முதல் மேற்றிராணியாரானார். பெண்மக்களும் இதிற் பின்னிற்கவில்லை. புதுச்சேரியில் 1844ஆம் ஆண்டிலேயே தோன்றிய மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையில், இந்நாட்டுப் பெண்களே பெண்கல்விப் பணியை மேற்கொண்டனர்.

நிற்க. தேவை பெரிதென்பதால் எவ்வழியும் தகுமோ? தகாதென்பதே நமது துணிபு. வேதாகமத்தில் வரும் சாமுவேலின் சரிதையை நினைமின். இரவில் தன்னை யாரோ அழைக்கக் கேட்ட அச்சிறுவன், அழைத்தவர் ஏலி என்று எண்ணி மும்முறை அவரிடம் ஓடினான். ஏலியோ, தாம் அழைக்கவில்லை என்றே கூறினார். அழைப்பவர் ஆண்டவரென உணர்ந்தபின், மறுபடி அழைப்புண்டாயின் எங்ஙனம் விடையளிப்பதென்று மட்டும் கற்பித்து, அவனைத் தன்னிடத்திற்கே அனுப்பினார். பள்ளி ஆசிரியரின் கடமை ஏலியின் கடமையே. அவர் ஆண்டவரின் இடத்திலிருந்து அழைத்தலும் ஆகாது. மாணாக்கன் செவியிற் பட்ட குரலை அலட்சியஞ் செய்தலும் ஆகாது.

திருச்சபையின் சட்டமும் இதற்கு அரணாக நிற்கின்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, 17 வயது நிரம்பாதவரை நவசந்நியாசத்தில் ஏற்றல் செல்லாது. வன்முறையாலோ அச்சத்தாலோ வஞ்சகத்தாலோ புகுந்தவரின் சேர்க்கையும் செல்லாது. குருப்பட்டத்திற்கோ 25 வயது நிரம்பவேண்டும். எனவே, பள்ளியை முடிக்கும் மாணவனுக்குத் தன் மனத்தைச் சோதித்தறியப் பல்லாண்டுகள் உள. இடையே விலகுவோனைத் தோற்றவனென இகழ்தல் பேதைமை. தன் வழி வேறென்று உரிய காலத்தில் தெளிந்ததும் ஒரு பயனே.

இனி, நம் பகுதியின் நிலையைக் காண்போம். அர்ச்சுனா நதியின் அணையையுடைய ஆனைக்குட்டமும் அதன் சுற்றூர்களும் வானம் பார்த்த மண்ணும் பட்டாசுத் தொழிலும் கலந்த ஊர்கள். மழை பெய்யாவிடில் உழவன் வருந்துவான். பெய்தாலோ, உலர்த்த வெயிலின்றிப் பட்டாசு வேலை தடைப்படும். இத்தகைய இல்லத்தில் மூத்த மகன் குருமடஞ் செல்ல விரும்பின், பெற்றோர் அஞ்சுவது அவன் பக்திக்கன்று; தங்கையின் திருமணத்திற்கும் தந்தையின் மருந்துக்கும் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை விசுவாசக் குறைவென்று கடிதல் நீதியன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே, கொடிய வறுமையில் வாடும் பெற்றோரைத் தாங்க வேண்டிய பிள்ளையை நவசந்நியாசத்தில் ஏற்றல் தகாதென விலக்கியிருந்தது. மறுபுறம், வறுமைக்கு அஞ்சி உணவும் கல்வியும் நாடிக் குருமடம் புகுவோரும் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் பகுத்தறிய, ஆசிரியர் மாணவனின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெற்றோருடன் மனந்திறந்து பேசவேண்டும். குடும்பமே முதற் குருமடம் போன்றதென 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உணர்த்தியதும் இக்கருத்துக்கு இயைவதே.

அங்ஙனமாயின் பள்ளி செய்யத்தக்கன யாவை? முதலாவது, அவ்வாழ்வை உள்ளவாறு காட்டுதல். மாணாக்கர் பெரும்பாலும் காண்பது பள்ளியை நிருவகிக்கும் குருவையே. நோயாளர் அருகிருக்கும் கன்னியரையும், சிற்றூர்களில் தனியே உழைக்கும் குருவையும் அவர்கள் காணவேண்டும். அவ்வாழ்வின் தனிமையும் கீழ்ப்படிதலும் மறைக்கப்படலாகாது. இரண்டாவது, பிறர்க்குழைக்கும் பழக்கம். பட்டாசு விபத்தில் தீப்புண் பட்டோரை மருத்துவமனையிற் சென்று காணும் மாணவன், தன் உயிர் எதற்கென்று தானே வினவுவான். மூன்றாவது, மௌனம். ஆண்டுக்கொருமுறை ஞானவொடுக்கமும், நாடோறும் சிறிது செபமுமின்றி எக்குரலும் செவிப்படாது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். திருவள்ளுவர் இல்வாழ்க்கையை 5ஆம் அதிகாரமாகவும் துறவை 35ஆம் அதிகாரமாகவும் வைத்து, இரண்டையும் அறத்துப்பாலிலேயே அமைத்தார். இல்லறத்தைத் தாழ்த்தித் துறவறத்தை உயர்த்தும் சொற்பொழிவு இரண்டிற்கும் கேடு விளைப்பதாம். நல்ல தந்தையாகத் தகாதவன் நல்ல குருவாதல் அரிது.

ஆதலின், மாணவ நண்பர்காள், இத்தனை பேர் குருமடஞ் சென்றனர் என்னும் தொகையைக்கொண்டு ஒரு பள்ளியை மதித்தல் பொருந்தாது. அங்குப் பயின்றோர் எந்நிலையிலிருப்பினும், இறைவன் தம்மிடம் யாது கேட்கின்றார் என்று வினவவும், கிடைத்த விடைக்கு அஞ்சாது இணங்கவும் கற்றனரோ என்பதே நோக்கத்தக்கது. அவ்வாறு கற்பிக்கும் பள்ளிகளில் அழைக்கப்பட்டோர் தம் அழைத்தலை உணர்ந்துகொள்வர். ஏனையோரும் தத்தம் நிலையில் நற்கிறிஸ்தவராய் வாழ்வர்.