உங்களுக்குத் தெரியுமா? ஓசூரில் ஒரு 'ஒன்லி'!

ஓசூர் சிப்காட் பக்கம் போனால், போன் பேசுகிறவர்கள் மேல் கொஞ்சம் காது வையுங்கள். "ஐ ஆம் இன் ஓசூர் ஒன்லி, சார்!" லண்டன்காரர் கேட்டால் முழிப்பார். நமக்குப் புரிந்துவிடும். மனுஷன் ஓசூர்லதான் இருக்காராம்!

அந்த 'ஒன்லி' வேறு யாருமில்லை. கோட்டு மாட்டிக்கொண்ட நம்ம 'தான்'! நேத்துதான்... எஸ்டர்டே ஒன்லி. அவர்தான்... ஹீ ஒன்லி!

தமிழர் மட்டுமா? ஓசூரில் தெலுங்கும் உண்டு, கன்னடமும் உண்டு. இங்கேயேதான் என்பதற்குத் தெலுங்கில் 'இக்கடே'. கன்னடத்தில் 'இல்லே'. கடைசியில் நீளுகிற அந்த 'ஏ' இருக்கிறதே, அதுதான் அவர்களுடைய ஒன்லி. மூன்று மொழிக்காரருக்கும் ஒரே இங்கிலீஷ்: ஹியர் ஒன்லி!

உஷார்! அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம் யாரையாவது தேடிப் போகிறீர்களா? "இல்லே இதாரெ" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். ஆள் இல்லை என்று அர்த்தமே இல்லை. இங்கேயேதான் இருக்கிறார்!

ஒன்லி, ஸ்லோலி, நைஸ்லி... வாலில் ஒரு 'லி' தொங்குகிறதா? பழைய இங்கிலீஷில் அதன் மூலச்சொல்லுக்கு உடம்பு என்று பொருள். பிணம் என்றும் பொருள்!

"ஷீ டோல்டு ஹிம் தட் ஷீ லவ்டு ஹிம்." இருப்பது 7 சொல். இதில் ஒரு 'ஒன்லி'யை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். தலையில் வைத்தால், அவள் மட்டும்தான் சொன்னாள். கடைசி 'ஹிம்'முக்கு முன்னால் வைத்தால், அவனை மட்டும்தான் காதலித்தாள். கதையே மாறிப்போச்சு பாருங்கள்! மொத்தம் எத்தனை இடம்? 8!

ஒன்லியை இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று இங்கிலாந்திலேயே 18-ஆம் நூற்றாண்டில் புலம்பியவர் ராபர்ட் லவுத். இலக்கணப் புத்தகம் எழுதியவர், பிறகு லண்டன் பிஷப்பே ஆனவர்! 1926-ல் இங்கிலீஷ் சொல்வழக்குக் கையேடு வெளியிட்ட ஃபௌலரோ எதிர்க்கட்சி. பேச்சில் வருகிற இடத்தில் வரட்டும், விடுங்கள் என்றார். நமக்கு சாதகமான தீர்ப்பு!

'எவர்', 'நெவர்' இரண்டும் இதே வினையடைக் கூட்டம்தான். 'நெவர்' என்பதே 'எவர்' தலையில் ஓர் 'இல்லை' ஏறிய சொல்!

அந்த இரண்டையும் வைத்து 1960-களில் தமிழ்நாட்டை அதிரவைத்த முழக்கம் "இங்கிலீஷ் எவர், இந்தி நெவர்". அது யார் பெயரோடு ஒட்டியது தெரியுமா? ராஜாஜி! பிறந்த ஊர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி!

அதே ராஜாஜிதான், சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். ஆண்டு 1938!