உடம்பும் ஊரும் – 9: இந்த யோகா யாருக்காக உருவானது?

சென்ற வாரம் பூங்கா நடையைப் பார்த்தோம். நடைக்கு மாஸ்டர் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும். யோகாவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தொடக்கத்திலாவது யாரிடமாவது போய்ச் சேர்ந்துதான் ஆக வேண்டும். யாரிடம் என்பதுதான் சென்னை மாதிரி ஊரில் பெரிய தலைவலி.

காரணம், பஞ்சம் இல்லை, வெள்ளம். புது வருடம் பிறந்தால் செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் விழுகிறது. யோகா தினமான ஜூன் 21 நெருங்கினால் இன்னொரு கத்தை. ஹத யோகா, அஷ்டாங்க யோகா, பவர் யோகா, தெரபி யோகா, கர்ப்பிணிகளுக்கு, குழந்தைகளுக்கு, எடை குறைக்க என்று விதவிதமாகப் பலகைகள். ஃபிளாட்ஸ் அசோசியேஷன் கிளப் ஹவுஸில் ஒரு பேட்ச், ஜிம் மாடியில் ஒரு பேட்ச், செல்போனில் ஒரு பேட்ச். இவற்றுக்கு நடுவே நிற்பவர் நாலு கேள்வி கேட்கிறார். வீட்டுக்குப் பக்கமா? ஃபீஸ் எவ்வளவு? எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் யாராவது போகிறார்களா?

நாலும் நியாயமான கேள்விகள். தாம்பரத்தில் இருப்பவர் அண்ணா நகர் கிளாஸில் சேர்ந்தால் மூன்றாவது வாரம் தாண்டாது. ஆனால் ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த முறை முதலில் யாருடைய உடம்புக்காக உருவாக்கப்பட்டது? அந்த உடம்புக்கும் என் உடம்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

யோகம் மிகப் பழையது. அதன் எட்டு அங்கங்களையும் திருமூலர் பாடியிருக்கிறார். ஆனால் இன்று கிளாஸில் நடக்கிற ஒரு மணி நேரப் பாடம், அதன் வரிசை, வேகம், ஆசனங்களைக் கோக்கும் விதம் எல்லாம் பெரும்பாலும் கடந்த நூறு வருடங்களில் உருவானவை. உருவாக்கியவர்களின் பெயரும் ஊரும் தெரியும். எதிரே யாரை உட்கார வைத்துக்கொண்டு உருவாக்கினார்கள் என்பதும் தெரியும்.

இதற்குச் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. திருமலை கிருஷ்ணமாச்சார்யா 1888-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிறுவர்கள், இளைஞர்கள். துள்ளும் வயது. மூச்சோடு சேர்த்து ஆசனத்திலிருந்து ஆசனத்துக்குத் தாவுகிற வேகமான பயிற்சி அவர்களுக்குப் பொருந்தியது. கிருஷ்ணமாச்சார்யாவிடம் சிறு வயதிலேயே பாடம் கேட்டவர் பட்டாபி ஜோயிஸ். மைசூரிலேயே தங்கி, அந்த வேகத்தையும் கட்டுக்குலையாத வரிசையையும் உலகத்துக்குக் கொண்டுபோனார். இன்று பலகையில் அஷ்டாங்க வின்யாசா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதன் வேர் அங்கேதான்.

அதே குருவிடம், அவருடைய மைத்துனனாக வந்து சேர்ந்த இன்னொரு பையன் நோஞ்சான். பெல்லூரில் 1918-ல் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். புனே போய்ச் சொந்தமாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது அவர் கண் முதலில் போனது, ஆசனம் வராத உடம்பின் மேல். கை தரையைத் தொடவில்லையா, மரக்கட்டையை வை. கால் நீளவில்லையா, பெல்ட்டைப் போட்டுப் பிடி. நிற்க முடியவில்லையா, நாற்காலியைப் பிடித்துக்கொள். நாற்காலியும் கயிறும் கட்டையும் போர்வையும் அடுக்கி வைத்த கூடத்துக்குள் நுழைந்தால் அது ஐயங்கார் வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேகம் இருக்காது. ஒரே நிலையில் ரொம்ப நேரம் நிறுத்தி, குதிகால் எங்கே, முட்டி எங்கே என்று திருத்திக்கொண்டே இருப்பார்கள். அவசரக்காரர்களுக்குச் சலிப்புத் தட்டும். மூட்டு இறுகிப்போனவர்களுக்கு அந்த நிதானம் வரப்பிரசாதம்.

மைசூர் யோகசாலை 1950-ல் மூடப்பட்டது. கிருஷ்ணமாச்சார்யா மெட்ராஸ் வந்தார். இங்கே அவரிடம் வந்தவர்கள் துள்ளுகிற பையன்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், குடும்பஸ்தர்கள், நோயாளிகள், வயதானவர்கள். குருவின் பாடமே மாறியது. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, நாடி பார்த்து, வயதும் தொழிலும் விசாரித்து, இவருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார். எஞ்சினியரிங் படித்த அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் அதே வழியில் 1976-ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். இப்போது மந்தைவெளியில் இருக்கும் அந்த நிறுவனத்தின் அடையாளமே தனிநபர் பயிற்சிதான். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த கிருஷ்ணமாச்சார்யா 1989-ல் சென்னையில் காலமானார்.

எதிரே உட்கார்ந்த ஆள் மாறியதும் குருவே பாடத்தை மாற்றிக்கொண்டார் என்றால், கிளாஸ் தேடும் நாம் மட்டும் ஏன் பலகையில் இருக்கும் பெயருக்கு உடம்பை வளைக்க வேண்டும்?

இதே கண்ணோடு மற்றப் பலகைகளையும் படிக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேஷத்தில் துறவியானவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் மேற்கே போய், நேரமில்லாத நகரத்து மனிதர்களுக்காகப் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களைக் கொண்ட பாடத்தைப் பரப்பினார். ஆசனத்துக்கும் ஆசனத்துக்கும் நடுவே படுத்து ஓய்வெடுக்க இடம் உண்டு. முதல் முறையாக விரிப்பைத் தொடும் நடுவயதுக்காரர் மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டில் முதலாவது, தலைகீழாக நிற்கும் சிரசாசனம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி கண்டது வேறு உலகம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற சம்சாரிகள். வேட்டி புடவையோடு வந்தவர்களும் செய்யக்கூடிய எளியமுறை உடற்பயிற்சி அவர் கொடுத்தது. கை, கால், மூச்சு, மகராசனம், உடலைத் தேய்த்து விடுவது, கடைசியில் ஓய்வு. தெருவுக்குத் தெரு இருக்கும் அவருடைய மனவளக்கலை மன்றங்களை ஸ்டைல் போதவில்லை என்று இளைஞர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அறுபதைக் கடந்த அம்மாவுக்குக் கிளாஸ் தேடுகிறவர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

சூடேற்றிய அறையில் செய்கிற யோகா ஒன்றும் உண்டு. கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பியது. 26 ஆசனங்கள், ஏறக்குறைய 40 டிகிரி வெப்பம். குளிர் ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற அந்த வெப்பத்தைச் சித்திரை மாதத்தில் நம் மொட்டை மாடி அறை இலவசமாகவே தருகிறது. சூட்டில் தசை வழக்கத்தைவிட இளகும். எல்லை தாண்டியது மறுநாள் காலையில்தான் தெரியும். பிரஷர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஐ.நா. 2014-ல் அறிவித்து 2015-லிருந்து கொண்டாடப்படும் யோகா தினத்துக்கென மத்திய அரசு வகுத்த பொதுப் பயிற்சி முறையும் இருக்கிறது. சுமார் முக்கால் மணி நேரம். மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் செய்வதற்காக அமைத்தது. பெரும்பாலும் பாதுகாப்பானது, யாருக்கும் தனியாக அளவெடுக்காதது.

அடுத்தது மாஸ்டர். யோகா கிளாஸ் திறக்க லைசென்ஸ் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே எடையும் அல்ல. 200 மணி நேரப் படிப்பு என்றால் ரிஷிகேஷில் தங்கி ஒரு மாதத்தில் முடித்துவிட்டு வரலாம். அதைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பின் முத்திரையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அது அரசு அங்கீகாரம் கிடையாது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. அது படிப்படியாகத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. பொதுப் பயிற்சி முறையைக் கற்பிக்கத் தகுதி பெற்றவர் ஒரு படி, சிகிச்சைக்குத் தகுதி பெற்றவர் வேறு படி. ஆகவே சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு, எந்தப் படிக்கு என்றும் கேளுங்கள்.

நோய்க்காக யோகா தேடுகிறவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. பி.என்.ஒய்.எஸ். என்பது யோகா, இயற்கை மருத்துவத்துக்கான பட்டப்படிப்பு; பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. வேறு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. சுகர், முதுகுவலி, ஆஸ்துமா என்று போகிறவர்கள் முதலில் அங்கே காட்டி, எது செய்யலாம், எது கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு வீட்டுக்குப் பக்கத்து கிளாஸில் சேரலாம். அரசு மருத்துவமனைக்கு எதற்கு என்று முகம் சுளித்துவிட்டு, தெரபி யோகா என்ற பலகையின் கீழே பெரிய தொகை கட்டுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

இனி டெமோ கிளாஸ். அங்கே உங்கள் உடம்பு வளைகிறதா என்று பார்க்காதீர்கள், மாஸ்டரைப் பாருங்கள். விரிப்பை விரிக்குமுன் பிரஷர் உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டா, கண்ணில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாரா? கண்ணுக்கும் யோகாவுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு நம் ஊர் ஆய்வே பதில் சொல்கிறது. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் பயிற்சியாளர்களை அளந்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கமாகச் செய்கிறவர்களிடம் உயர் கண் அழுத்தம் அதிகம் என்று அந்த ஆய்வு கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவரைத் தலைகீழாக நிறுத்துவது விபரீதம். கபாலபாதி மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கும் குடலிறக்கம் இருப்பவர்களுக்கும் கட்டுக்கு அடங்காத பிரஷர் இருப்பவர்களுக்கும் அது ஆகாது. முதுகுத் தட்டு பிதுங்கியவர் குனிந்து பாதம் தொடக் கூடாது. எலும்பு மெலிந்தவர்களுக்கும் அந்தக் குனிதலில் ஆபத்து இருக்கிறது. இதையெல்லாம் கேட்காமல் நேரே சூரிய நமஸ்காரத்தில் இறங்குகிற கிளாஸில் முப்பது பேரும் ஒரே உடம்பு.

ரத சப்தமி சமயத்தில் 108 சூரிய நமஸ்காரம் செய்ய வைக்கும் இடங்கள் உண்டு. பழகியவர்களுக்கு அது உற்சாகம். சேர்ந்து ஒரு வாரம் ஆனவர் பக்கத்து விரிப்போடு போட்டி போட்டால் மணிக்கட்டும் தோளும் கணக்குக் கேட்கும். அவரை முன்கூட்டியே தடுத்து, ‘நீங்க பன்னிரண்டோட நிறுத்திக்கோங்க’ என்று சொல்கிற மாஸ்டர் எங்கே இருக்கிறாரோ அங்கே சேரலாம்.

தொட்டுத் திருத்துவதையும் கவனியுங்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுகிறாரா? வேண்டாம் என்றால் முகம் மாறாமல் வாயால் சொல்லித் தருகிறாரா? உலகப் புகழ் பெற்ற யோகா குருக்கள் சிலர் மீதே பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்திருக்கின்றன. குரு பக்தி வேறு, கூச்சத்தை விழுங்கிக்கொள்வது வேறு. பெண்களுக்குத் தனி பேட்ச், பெண் ஆசிரியர் என்று கேட்பதில் தயங்க ஒன்றும் இல்லை.

மாத்திரையை நிறுத்துங்கள், மூன்று மாதத்தில் சுகர் போய்விடும் என்று யார் சொன்னாலும் அன்றே விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாத்திரையின் அளவை மாற்றுவது அதை எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை.

மற்றவை சில்லறை விஷயங்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் காலை பேட்ச்தான் வசதி. மாலை என்றால் நாலு மணி டிபனைத் தியாகம் செய்ய வேண்டும். போண்டாவோடு புஜங்காசனம் சரிப்படாது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் இரண்டு மாதம் மாதா மாதம் கட்டுங்கள். ஆன்லைன் கிளாஸ், ஆசனங்கள் ஏற்கெனவே பழகியவர்களுக்குப் பரவாயில்லை. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், மாஸ்டர் உங்கள் கேமராவை ஆன் செய்யச் சொல்லிப் பெயர் சொல்லித் திருத்துகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குப் பெயர் கிளாஸ் அல்ல, வீடியோ. கடைசிச் சவாசனத்தை அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது என்று அரை நிமிடத்தில் முடிக்கிற இடத்தில் கடையின் அவசரம் பாடத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். ‘மாஸ்டர், எனக்கு இன்ன வயசு, இன்ன தொந்தரவு, உங்க கிளாஸ்ல நான் எதையெல்லாம் செய்யக் கூடாது?’ தொழில் தெரிந்தவர் பட்டியலை உடனே ஆரம்பிப்பார். பதிலுக்கு இரண்டு கேள்வியும் கேட்பார். ‘எதையும் விட வேணாம், இங்க எல்லாருக்கும் ஒண்ணுதான்’ என்று பெருமையாகச் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவைப் பாருங்கள். சென்னையில் அடுத்த தெருவிலும் நிச்சயம் ஒரு கிளாஸ் இருக்கும்.

அடுத்த வாரம்: ஜிம்மில் சேருமுன் டிரெய்னரிடம் கேட்க வேண்டியவை.

(தொடரும்)