ஆசிட்டுக்கு பதில் எலுமிச்சை உப்பு... வீட்டிலேயே செய்யலாம் கிளீனர்! கலக்கக் கூடாதது எது தெரியுமா?

புதுச்சேரி:

மாச சம்பளம் கைக்கு வந்ததும் மளிகை லிஸ்ட் போட உட்கார்ந்தால் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அடுத்தபடியாக நீளமாக நிற்பது கிளீனர் அயிட்டங்கள்தான். தரை துடைக்க ஒன்று, பாத்திரம் துலக்க ஒன்று, பாத்ரூம் டைல்சுக்கு ஒன்று, டாய்லெட்டுக்கு ஒன்று, கடைசியாக ரூமுக்கு வாசனை அடிக்க ஒரு ஸ்பிரே. கூட்டிப் பார்த்தால் கையைக் கடிக்கும்.

முதலியார்பேட்டையில் ஏ.எப்.டி. மில் சங்கு ஊதிய காலத்தில் இந்த லிஸ்ட் கிடையாது. 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட அந்த மில்லை நம்பிப் பிழைத்த வீடுகளில் சாம்பலும் புளியும் சீயக்காயும்தான் கிளீனர். இப்போது தரையில் டைல்ஸ் வந்து விட்டது, வீட்டுக்குள்ளேயே டாய்லெட் வந்து விட்டது. சாம்பல் மட்டும் வைத்து சமாளிக்க முடியாது. ஆனாலும் மளிகை கடையிலும் நாட்டு மருந்து கடையிலும் கிடைக்கும் ஐந்தாறு பொருளை வைத்து பாதி பில்லை மிச்சம் பிடிக்கலாம்.

ஒரே ஒரு விஷயம். எந்தப் பொருள் எந்த அழுக்குக்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது அதை விட முக்கியம். இது தெரியாமல் செய்தால் காசு மிச்சமாவது இருக்கட்டும், உயிருக்கே உலை வைத்து விடும்.

அழுக்கு மூன்று வகை

வீட்டு அழுக்கை மூன்றாகப் பிரித்துக் கொள்ளுங்கள். முதலாவது எண்ணெய் பிசுக்கு. இரண்டாவது குழாய், பக்கெட், டைல்சில் படியும் வெள்ளை உப்புக் கறை. மூன்றாவது கெட்ட வாடை.

எண்ணெய் பிசுக்குக்கு நுரைக்கும் பொருளோ, சோடாவோ தேவை. உப்புக் கறைக்கு புளிப்பு தேவை. வாடைக்கோ முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக் கொள்வதால்தான், "நாங்களும் செஞ்சு பார்த்தோம், ஒண்ணும் போகலை" என்று பலர் பாதியில் விட்டு விடுகிறார்கள்.

பாத்திரத்துக்கு பூந்திக்கொட்டை

பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. 20 கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கருப்பு விதையை எடுத்து விடுங்கள். தோலை மட்டும் 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வையுங்கள். காலையில் 15 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டினால் பாத்திரம் துலக்கும் தண்ணீர் ரெடி.

கடலோர ஊரான புதுச்சேரியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு சரியாக நுரைக்காது, திரிதிரியாகப் பிரிந்து பாத்திரத்தில் ஒட்டும். பூந்திக்கொட்டை தண்ணீர் அப்படித் திரியாது.

ஆனால் இது கெட்டுப் போகும் சரக்கு. வெளியில் வைத்தால் மூன்று நாள், பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை. அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, குழந்தைகள் ஜாக்கிரதை. மீன் வறுத்த சட்டி மாதிரி பிசுக்கு அதிகமான பாத்திரத்தை முதலில் சீயக்காய் தூள் போட்டுத் துடைத்து எடுத்து விட்டு, பிறகு இதில் துலக்கலாம். பித்தளை, செம்புக்கு பழையபடி புளிதான் ராஜா.

குழாயிலும் டைல்சிலும் வெள்ளைக் கறை

இந்தக் கறை பெரும்பாலும் சுண்ணாம்பு சத்து. சோப்பு போட்டு நாள் பூரா தேய்த்தாலும் அசையாது. புளிப்பு பட்டால் கரைந்து விடும். மளிகை கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேளுங்கள். சிட்ரிக் ஆசிட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1 லிட்டர் வெந்நீரில் 2 மேஜைக்கரண்டி போட்டுக் கலக்கி, துணியில் நனைத்து குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள். பிறகு பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் குழாய் பளபளக்கும்.

டாய்லெட் கோப்பையில் மஞ்சள் கறையா? ராத்திரி படுக்கப் போகும் முன் 4 மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பை உள்ளே தூவி விடுங்கள். காலையில் பிரஷ் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே நாளில் போகாது, நாலைந்து நாள் செய்ய வேண்டும். ஆசிட் போல மூக்கில் ஏறாது, கையைச் சுடாது.

சமையல் மேடை கடப்பாக்கல்லா? மார்பிளா? மொசைக் தரையா? அங்கெல்லாம் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் ஆகாது. இந்தக் கற்களும் சுண்ணாம்பு வகைதான். கறையைக் கரைக்கும் அதே புளிப்பு கல்லையும் அரித்து மினுமினுப்பைக் கெடுத்து விடும். அதற்கு பூந்திக்கொட்டை தண்ணீரே போதும்.

பொங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தமா?

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் புஸ்சென்று பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் சோடாவும் புளிப்பும் ஒன்றை ஒன்று அடித்துக் கொண்டு தீர்ந்து போகின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன். கலந்து பாட்டிலில் மூடி வைத்தால் கேஸ் சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

சிங்க் அடைப்பது போல மெதுவாக இறங்குகிறதா? சலவை சோடா 2 மேஜைக்கரண்டி போட்டு, சூடான தண்ணீர் ஊற்றுங்கள். பிசுக்கு இளகி ஓடும். பிளாஸ்டிக் குழாய் என்பதால் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சலவை சோடா கையை அரிக்கும், உறை போட்டுக் கொள்ளுங்கள்.

ஜூஸ் கடை தோல், 90 நாள் பொறுமை

தரை துடைக்க இப்போது பிரபலமாக இருப்பது பழத்தோல் என்சைம். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்ற பெண்மணி பரப்பிய முறை இது. கணக்கு ரொம்ப சுலபம்: வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு தோல், 1 லிட்டர் தண்ணீர். ஜூஸ் கடையில் கேட்டால் குப்பைக்குப் போகும் தோலைச் சும்மாவே கொடுப்பார்கள்.

2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே இடம் விட்டு மூடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. முதல் மாதம் தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து கேசை வெளியேற்ற வேண்டும். மறந்தால் பாட்டில் உப்பி வெடித்து விடும். 90 நாள் கழித்து வடிகட்டினால் புளித்த வாசனையோடு பழுப்பு நிறத் தண்ணீர் கிடைக்கும். அரை பக்கெட் தண்ணீருக்கு 50 மி.லி. போதும். இதுவும் புளிப்புதான் என்பதால் மொசைக், மார்பிளுக்கு வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் இது போதாது

இந்த இயற்கை கிளீனர்கள் அழுக்கை எடுக்கும். நோய்க் கிருமியைக் கட்டாயம் கொல்லும் என்று நம்பி விடக் கூடாது. காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொது சுகாதார அவசர நிலையே அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் வேப்பிலை தண்ணீரும் எலுமிச்சையும் பத்தாது. பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும்.

வாந்தி, பேதி பட்ட இடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம், அதாவது 1 மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடர். அன்றன்றைக்குக் கலக்கி, ஊற்றி 10 நிமிடம் விட்டு, பிறகு கழுவ வேண்டும். ஜன்னல், கதவு திறந்திருக்கட்டும்.

உஷார்! இது கொலைகாரக் கூட்டணி

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், எலுமிச்சை, வினிகர், எலுமிச்சை உப்பு, என்சைம் எது சேர்ந்தாலும் குளோரின் கேஸ் கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ந் தேதி முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகர் அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்து விட்டது இதே கேஸ்தான். போர்க்களத்து விஷத்தை 4-க்கு 4 பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு தயாரிக்கலாமா?

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா டபுள் பவர்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒன்றைப் போட்டால் நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டு, அடுத்ததை வேறொரு நாள் போடுங்கள். தப்பித் தவறி கலந்து கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வந்து விடுங்கள். மூச்சு முட்டினால் 108-க்கு போன் போடுங்கள்.

வாடையை மூடாதீர்கள், தேடுங்கள்

பாத்ரூமில் வாடை வந்தால் உடனே கற்பூர வில்லை தொங்க விடுவதும், ஸ்பிரே அடிப்பதும்தான் வழக்கம். அது காயத்தின் மேல் பவுடர் பூசுவது போலத்தான்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11-ந் தேதி நடந்ததை நகரமே மறக்கவில்லை. பாதாள சாக்கடையில் இருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் புகுந்த விஷவாயு தாக்கி 15 வயது மாணவி உள்பட 3 பேர் பலியானார்கள். மயங்கி விழுந்த தாயைத் தூக்கப் போன மகளும் அதில் ஒருவர்.

சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு அழுகிய முட்டை போல நாறும். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. 'வாடை நின்று போச்சு' என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

இந்த வாயுவைத் தடுத்து நிறுத்துவது கோப்பையின் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அடியில் உள்ள 'நானி டிராப்'பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வீட்டைப் பூட்டிக் கொண்டு ஊருக்குப் போனால் அந்தத் தண்ணீர் வற்றி, வாடை உள்ளே வரும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் சரியாகி விடும். ஊற்றிய பிறகும் முட்டை வாடை வந்தால் டிராப் உடைந்திருக்கலாம், இல்லாமலே கட்டியிருக்கலாம். பிளம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தெரு முழுக்க வாடை என்றால் உடனே பொதுப்பணித் துறையில் புகார் கொடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் மூச்சைப் பிடித்துக் கொண்டு ஓடாதீர்கள், தீயணைப்புத் துறையையும் 108-ஐயும் அழையுங்கள்.

மணக்க வேண்டுமா?

வாடைக்குக் காரணத்தைச் சரி செய்த பிறகு வாசனை வேண்டுமானால் இருக்கவே இருக்கிறது வெட்டிவேர். பக்கத்து கடலூர் மாவட்ட கடலோர மணல் பூமியில் விளைவதுதான். ஒரு பிடியைத் துணியில் கட்டி பீரோவில் வைத்தால் மாதக்கணக்கில் மணக்கும். பிரிட்ஜ் வாடைக்கு ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா போதும். சாம்பிராணி போட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் வேண்டாம்.

கைக்குழந்தை துணியில் பூச்சி உருண்டை போடவே கூடாது. பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு வகை என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை கொண்டு வரும். கற்பூரத்தை மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் வலிப்பு வரும். இயற்கை என்பதாலேயே எல்லாம் பத்தியம் ஆகி விடாது.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எந்தக் கிளீனரையும் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்து விட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிசுக்குக்கு நுரை, உப்புக் கறைக்குப் புளிப்பு, கிருமிக்கு மட்டும் பிளீச்சிங், வாடைக்குத் தண்ணீர் நிற்கும் டிராப். இந்த நாலையும் சமையல் அறை சுவரில் எழுதி ஒட்டி வைத்தால் மளிகை பில்லும் குறையும், வீடும் பத்திரம்.