தீபத்துக்குப் புறப்பட்ட புடவை

திருவண்ணாமலைக்குக் கார்த்திகை தீபம் பார்க்கப் புறப்படும் குடும்பங்களில், முதல் நாள் இரவு ஒரு மகாநாடு நடப்பது வழக்கம். எந்தப் பெட்டியில் எந்தத் துணியை வைப்பது, பட்டுப் புடவை மேலேயா கீழேயா, புளியோதரைத் தூக்கு எங்கே போவது என்பவை அதில் விவாதத்துக்கு வரும். அந்தச் சபையில் புருஷர்களின் வோட்டுக்கு மதிப்புக் கிடையாது. இருந்தும் சில வருஷங்களுக்கு முன் நாம் அதில் தலையிட்டோம். அதனால் விளைந்ததையும், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நமது அத்தைக்கு அப்போது 72 வயது. அவளுடைய கல்யாணப் புடவை அரக்கு நிறப் பட்டு. நான்கு விரற்கடை அகலத்துக்குச் சரிகைக் கரை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், மகா தீபத்தன்று மாத்திரம், அதைக் கட்டிக்கொள்வாள். மறுநாள் அது பழையபடி பெட்டிக்குள் போய்விடும்.

அந்த வருஷம் பெட்டியை மூடும் பொறுப்பை நாம் ஏற்றோம். நமது வேஷ்டி ஒன்று சரியாக உலரவில்லை. "போகிற வழியில் காய்ந்துவிடும்" என்று அதைச் சுருட்டிப் புடவையின் மேல் வைத்து, மூடியை முழங்காலால் அழுத்திப் பூட்டினோம். கார்த்திகை மாதமோ வடகிழக்குப் பருவ மழைக் காலம். வழியெல்லாம் மழை. திருவண்ணாமலையில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது, புடவை ஈரத்தை உறிஞ்சி, அப்பளம்போல் சுருங்கிக் கிடந்தது.

மாலை ஆறு மணிக்கு மலைமேல் தீபம். நமக்குப் பதற்றம். தங்கியிருந்த விடுதியில் ஓர் இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி, நன்றாகச் சூடேற்றி, சுருக்கத்தின் மேல் வைத்து அழுத்தினோம். பழைய மடிப்பின் மேல் பெட்டி வந்ததும், சரிகைக் கரை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கென்று விட்டுப் போயிற்று.

அத்தை எட்டிப் பார்த்தாள். நமக்குப் பேச்சு எழவில்லை.

"போகட்டும் விடு, அப்பா" என்றாள். "ஐம்பது வருஷமாக ஒரே மடிப்பில் படுத்துக் கிடந்தது. மனுஷருக்கே முதுகு போய்விடுகிறது, புடவைக்குப் போகாதா?"

கிழிசல் தெரியாமல் அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு, மாட வீதியில் எங்களோடு வந்து நின்றாள். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் லட்சக்கணக்கான ஜனங்கள் அரோகரா என்று முழங்கினார்கள். அத்தையும் கை கூப்பினாள். நமக்குத்தான் மனம் தீபத்தில் நிற்கவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்று அறியும் ஆவலில், திரும்பும் வழியில் ஆரணிக்குப் போனோம். ஆரணி இதே ஜில்லாவில் உள்ள பட்டு நெசவூர். அங்கே தறியில் முதுமை அடைந்த ஒருவரிடம் புடவையைக் காட்டினோம். அவர் கிழிசலைத் தடவிப் பார்த்தார். "சூடு கடைசியில்தான் வந்தது. மடிப்பு முன்னமே அறுத்துவிட்டது" என்றார்.

அசல் சரிகை என்பது, பட்டு நூலின்மேல் தகடாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். வருஷக் கணக்கில் ஒரே கோட்டில் மடித்த புடவைக்கும் அதே கதிதான். ஆகையால் பட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, வேறு கோட்டில் மடித்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஆகாது. உள்ளே ஈரம் தங்கிவிடும்.

சரி, துணி ஏன் கசங்குகிறது? பருத்தி இழைக்குள் இருக்கும் நுண்ணிய பிணைப்புகளை ஈரம் தளர்த்திவிடுகிறது. அந்த நிலையில் துணி எப்படி வளைந்திருக்கிறதோ, அப்படியே உலரும்போது பிணைப்புகள் மறுபடி இறுகிவிடுகின்றன. இஸ்திரி போடுவதும் இதே வித்தைதான். ஈரமும் சூடும் சேர்ந்து துணியைத் தட்டையாக உலரச் செய்கின்றன. ஆக, பிரயாணத்தில் துணிக்குச் சத்துரு ஈரமும் அழுத்தமும் கூட்டுச் சேர்வதே. நாம் அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தோம்!

மாஞ்செஸ்டரில் டூடல் கம்பெனியார் 1926-ஆம் வருஷத்திலேயே பருத்தித் துணியில் ரசாயனப் பிசினை ஏற்றிக் கசங்காமல் செய்யும் முறைக்குப் பேடண்ட் கோரி விண்ணப்பித்தார்கள். பிறகு பாலியஸ்டர் முதலிய செயற்கை இழைகள் வந்தன. அவை கசங்குவதில்லை என்பது மெய்யே. ஆனால் தீபத் திருநாளில் தெருவெல்லாம் அகல் விளக்கு. செயற்கைத் துணியில் நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு அன்று பருத்தி உடுத்துவதே நல்லது. பாவாடை சற்றுக் கசங்கினால் குற்றமில்லை.

இனி, யாத்திரை போகிறவர்கள் அனுசரிக்கத் தக்கவை:

துணி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு மடிக்கக் கூடாது. ஆறிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். வேஷ்டி, துண்டு, பாவாடை இவற்றைப் பாய்போல் சுருட்டி வைத்தால் முறிந்த கோடுகள் விழா. பட்டையும், கஞ்சி போட்ட கதரையும் மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மடிப்பின் நடுவே மெல்லிய துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். வளைவு உருண்டு நிற்கும், கோடு விழாது.

பெட்டி காலியாக இருந்தால் துணிகள் புரண்டு கசங்கும், திணித்தால் நசுங்கும். முழங்கால் தேவைப்படுகிற பெட்டியிலிருந்து இரண்டு துணிகளை வெளியே எடுத்துவிடுவதே உசிதம். செம்பு, தூக்கு முதலிய கனமான சாமான்களுக்குத் தனிப் பை இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் காபிக்கு ஓடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, புடவைகளைக் கொடியில் போடுங்கள். துணியின் பாரமே பாதிச் சுருக்கத்தை எடுத்துவிடும். பருத்திப் புடவையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, இருவர் எதிரெதிரே நின்று இழுத்து உதறினால் மீதியும் போகும். வேஷ்டியை நீவி மடித்து ஜமக்காளத்தின் கீழ் வைத்துப் படுத்தால், காலையில் சலவைக்காரர் கொடுத்ததுபோல் இருக்கும். பட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, கறை படியும். மேலும், நனைந்த பருத்திக்குப் பலம் கூடும். நனைந்த பட்டுக்கோ பலம் குறையும். வெந்நீர் ஊற்றிய செம்பை வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைத்து, பட்டைப் புரட்டிப் போட்டு, இடையே வெள்ளைத் துணி விரித்து, அழுத்தாமல் உருட்டினால் போதும். அவசரத்துக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நேயர்கள் முன்னமே பார்த்தார்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதற்குப் பருத்தியே ஏற்றது. பட்டு தரிசனத்துக்கு மாத்திரம்.

இந்தத் தொல்லை ஒன்றுமே வேண்டாம் என்று முடிவு செய்தவர் ஒருவரும் இந்த ஊருக்கு வந்ததுண்டு. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி, மதுரையிலிருந்து புறப்பட்டு வந்த 16 வயதுப் பிள்ளையாண்டான் வேங்கடராமன், ஆலயத்தில் தரிசனம் முடித்ததும் தன் வேஷ்டியைக் கிழித்துக் கோவணம் மாத்திரம் எடுத்துக்கொண்டு, மீதியைக் கையிலிருந்த காசுடன் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். பின்னாளில் உலகம் அவரை ஸ்ரீ ரமண மகரிஷி என்று அறிந்தது. துணி கசங்காமல் இருக்க அதைவிட உத்தமமான உபாயம் கிடையாது. ஆனால் சம்சாரிகளாகிய நமக்கு அது எட்டாது. நம்மிடம் இருப்பதைப் பேணி வைத்து அடுத்தவர் கையில் ஒப்படைப்பதுதான் நம்முடைய தர்மம்.

மேலே எரிவதும் துணிதான் என்று அன்றிரவு அத்தை சொன்னாள். உண்மையே. மகா தீபத்தின் கொப்பரைக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணி திரியாகப் போகிறது. மடிப்பும் சுருக்கமுமாகத் திரித்து நெய்யில் ஊறவைத்த அந்தத் துணி, பதினொரு நாட்கள் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் வெளிச்சம் தருகிறது. "அதற்கு யார் இஸ்திரி போட்டார்கள்?" என்று கேட்டு அத்தை சிரித்தாள். நம்மைத் தேற்றுவதற்காகவே சொன்னாள் என்று நமக்குத் தெரியும்.

அத்தை இப்போது இல்லை. ஆரணியில் இழை வைத்துத் தைத்த அந்தப் புடவை நம் பெண்ணிடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்து, புதுக் கோட்டில் மடிக்கிறாள். சென்ற தீபத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு மாட வீதியில் எங்களோடு நின்றாள். கரையில் ஒரு சுருக்கமும் இல்லை. அந்தத் தடவை நாம் பெட்டியின் பக்கமே போகவில்லை.